குதிகாலில் ஒரு சந்திரபிந்து

இடது மூட்டுக்கு அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு வரும் பிசியோதெரபிப் பெண் என்னைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, இரண்டு பாதத்துக்கும் அடியில் ஒரு சரிவான பலகையைத் தள்ளினாள்.

"குதிகாலை ஊன்றிக்கோங்க அங்கிள். இப்ப முன்பாதத்தை அழுத்துங்க. மெதுவா. அப்புறம் விடுங்க. முப்பது தடவை."

இடது கால் முரண்டு பிடித்தது. வலது கால் அவள் சொல்லி முடிப்பதற்குள் இறங்கி ஏறியது, பிறகு மறுபடி இறங்கப் போய்ப் பாதி வழியில் நின்றுவிட்டது. "ஏன் நிறுத்திட்டீங்க, வலிக்குதா?" என்றாள். நான் நிறுத்தவில்லை. கால் தானாக நின்ற இடம் அது. நாற்பத்தைந்து வருடத்துக்கும் முன்னால் கல்கத்தாவில் ஒருவர் அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தார். அதை அவளிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? "இல்லம்மா, எண்ணிக்கை மறந்துபோச்சு" என்றேன்.

எழுபதுகளில் நாங்கள் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். மார்க்கெட்டில் வாழை இலையும் கறிவேப்பிலையும் தமிழில் பேரம் பேசி வாங்கலாம். காபிக்கொட்டை வறுபடும் வாசனை ராஷ்பிகாரி அவென்யூ டிராம் தண்டவாளம் வரைக்கும் வரும். எங்கள் மாடியில் பாட்டியின் ரேடியோவில் கர்நாடக சங்கீதம். கீழ் வீட்டு வங்காளிக் குடும்பத்தில் சாயங்காலமானால் ஹவாயன் கிடார். ஒரு வீட்டில் மட்டும் என்றில்லை. தெருவில் நடந்தால் மூன்று ஜன்னலுக்கு ஒரு ஜன்னலிலிருந்து அந்த இழுவைச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். நம்மூரில் பெண் பார்க்கப் போனால் "பாடத் தெரியுமா" என்று கேட்பதைப்போல அங்கே கிடார் ஒரு தகுதி. பெண்கள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கிடாரை மடியில் மல்லாத்திப் போட்டு, இடது கையில் ஸ்டீல் பாரைப் பிடித்து, ரவீந்திர சங்கீதம் வாசிப்பார்கள்.

பசிபிக் தீவிலிருந்து ஒரு வாத்தியம் வங்காளச் சமையலறை வரைக்கும் வந்த கதை விசித்திரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாயில் ஜோசப் கெகுகு என்ற பள்ளிச் சிறுவன் கிடார்க் கம்பிமேல் இரும்பைத் தேய்த்துப் பார்த்ததில் ஆரம்பித்தது என்பார்கள். 1940களில் டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவிலேயே தங்கி வாசித்தார். அதற்குப் பிறகு வங்காளிகள் அதைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். கவி நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா ஒரு பேர்பெற்ற கிடார்க்காரர். சுனில் கங்கூலியின் இசைத்தட்டு இல்லாத துர்கா பூஜைப் பந்தலே அப்போது கிடையாது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வேண்டும் என்று நினைக்கிற ஜனங்களுக்குக் கட்டை வைத்துத் தடுக்காத வாத்தியம் பிடித்துப்போனதில் என்ன ஆச்சரியம்.

கிடார் கற்றுக்கொள்ள நான் போய்ச் சேர்ந்த மாஸ்டர்மஷாய் காளிகாட் பக்கம் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தார். பகலில் எங்கோ ஒரு ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலம் வேட்டி, கை வைத்த பனியன், மண்குவளையில் டீ. வாசிக்கக் கற்றுத்தரும் முன் பாடவைப்பார். பாட்டின் ஒவ்வொரு எழுத்துக்கும் கம்பியில் ஒரு தட்டு, நீட்டலுக்கு இழுப்பு, மூச்சு விடும் இடத்தில் பார் தூக்க வேண்டும். வார்த்தை மனசில் ஓடாவிட்டால் கிடார் கண்ட இடத்தில் மூச்சு விடும் என்பது அவர் கட்சி. எனக்கு வங்காளி எழுத்து தெரியாது. நோட்டுப்புத்தகத்தில் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு படிப்பேன். க-வும் க-வும் ஒன்றே என்று நம் எழுத்து நினைத்துவிட்டதன் பலனை அவர் வாரத்தில் இரண்டு நாள் அனுபவித்தார். எல்லாவற்றையும்விட மோசம் சந்திரபிந்து. எழுத்தின் தலைமேல் பிறையும் புள்ளியுமாக உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் உயிர்ச்சத்தம் மூக்கு வழியாகப் போக வேண்டும். நிலாவுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தையை நான் 'சாந்த்' என்று 'ந்' அழுத்திச் சொல்வேன். "நிலாவை ஏன் உடைக்கிறாய்?" என்பார். அதில் 'ந்' என்று தனியாக ஒன்று கிடையாது. 'சா'வே மூக்கில் போய்க் கரையும். எனக்கு வரவே இல்லை.

அவருடைய வால்யூம் பெடலைச் சொல்லாமல் விடக்கூடாது. மரத்தில் செய்தது. செருப்பளவு பலகை, கீழே ஒரு கீல், உள்ளே ரேடியோவில் போடும் வால்யூம் கன்ட்ரோல். பலகை இறங்கும்போது அந்தக் குமிழைச் சுழற்றுவதற்கு ரேடியோ முள்ளை நகர்த்தும் நூலையே சுற்றிக் கட்டியிருந்தார். சாந்தினி மார்க்கெட்டில் சாமான் வாங்கி அவரே செய்தது. மாதம் ஒருமுறை நூல் நழுவும். மழைக்காலத்தில் கன்ட்ரோல் கரகரக்கும். அப்போது பெட்ரோலில் நனைத்த இறகால் துடைப்பார். அந்த வாசனையோடுதான் எனக்குப் பல ராகங்கள் ஞாபகத்தில் இருக்கின்றன.

வால்யூம் பெடல் என்றால் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டீல் கிடார்க்காரனுக்கு அதற்கு வேறு வேலை. கம்பியைத் தட்டின கணத்தில் 'டங்' என்று ஒரு இரும்புச் சத்தம் வரும். அந்த நேரம் குதிகால் கீழே இருக்க வேண்டும், சத்தம் வெளியே போகாது. தட்டு முடிந்ததும் முன்பாதம் மெல்ல இறங்கினால் ஆரம்பமே இல்லாத ஒரு சுரம் எழும்பி வரும். கம்பியின் அதிர்வு தேயத் தேய, பாதம் இறங்க இறங்க, சுரம் அதே கனத்தில் நிற்கும். வயலினுக்கு வில் செய்கிற வேலையைக் கணுக்கால் செய்கிறது. "கை வாசிக்கும், கால் மூச்சு விடும்" என்பார் மாஸ்டர்மஷாய். ஒரு வருடம் முழுக்க என் கால் மூச்சிரைத்தது.

அந்த நிலையில்தான் வா-வா பெடல் வந்தது. பார்க் ஸ்ட்ரீட் ஹோட்டல்களில் வாசிக்கும் பையன்கள் அதை மிதிப்பதைப் பார்த்திருந்தோம். 'ஷாஃப்ட்' படத்து இசைத்தட்டு கைமாறிக் கைமாறிச் சுற்றியது. இந்திப் பாட்டுகளிலும் கிடார் 'வா வா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வணிகக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்த என் பெரியப்பா பிள்ளை கிதிர்பூர் துறையில் இறங்கியபோது கையில் ஒரு கனத்த மூட்டை. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் பழசாக வாங்கினாராம். உள்ளே முகம் பார்க்கலாம்போல் பளபளக்கும் ஒரு மார்லி பெடல், வா-வாவும் வால்யூமும் ஒன்றாகச் சேர்ந்தது. எடை ஒரு அரிசி மூட்டையில் பாதி இருக்கும் என்று அம்மா சொன்னாள். மூன்று கிலோ இருந்திருக்கலாம்.

அதன் உள்ளமைப்பு எனக்கு இன்றும் அதிசயம். நூலும் இல்லை, சுழலும் கன்ட்ரோலும் இல்லை. உள்ளே ஒரு சின்ன பல்பு. எதிரே வெளிச்சம் பட்டால் மின்தடை மாறும் ஒரு செல். பாதப்பலகை அசையும்போது நடுவில் ஒரு மறைப்பு நகர்ந்து வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். தேய உறுப்பே இல்லாததால் கரகரப்பும் இல்லை. மாஸ்டர்மஷாயின் பெட்ரோல் இறகுக்கு அங்கே வேலை கிடையாது.

அமெரிக்க வீட்டு மின்சாரத்துக்குச் செய்தது அது, அதாவது 110 வோல்ட். அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். அவசரம். தட்டைக்கால் பிளக்கை ஒரு மாற்று பிளக்கில் செருகி, எங்கள் வீட்டு 220 வோல்ட்டில் போட்டேன். 'உம்' என்று ஒரு முனகல், பிறகு வார்னிஷ் தீயும் நாற்றம். பாட்டி பூஜையறையிலிருந்து, "யாருடா சாம்பிராணி போட்டது?" என்றாள்.

சாந்தினி மார்க்கெட்டில் ஒரு பிகாரி மெக்கானிக் டிரான்ஸ்பார்மரை 220-க்கு மாற்றிச் சுற்றிக்கொடுத்தார். பல்பும் போயிருந்தது. அதற்குப் பதிலாக டார்ச் லைட் பல்பு போட்டார். வீட்டுக்கு வந்து மிதித்தால் கிடாருக்குப் பின்னால் ஒரு வண்டு ரீங்காரம். டார்ச் பல்பின் மெல்லிய இழை மின்சாரத்தோடு சேர்ந்து நடுங்குகிறது; அந்த நடுக்கம் செல்லுக்குத் தெரிகிறது. இரண்டாம் முறை போனபோது கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்து வண்டை விரட்டினார். ஆனால் அந்தப் பல்பு பிரகாசம் அதிகம். ஆகவே என் பெடலின் வாய் பாதி திறப்பதற்குள்ளேயே 'ஆ' வந்துவிடும். கடைசிவரை அது அப்படித்தான் இருந்தது.

'ஆ' என்று சொன்னது உவமைக்காக அல்ல. வா-வா பெடல் செய்வதே அதுதான். ஒலியின் ஒரு பகுதியை மட்டும் கூர்மையாக உயர்த்தி, அந்தக் கூர்மையை ஏறத்தாழ 400 ஹெர்ட்சிலிருந்து 2,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் காலால் நகர்த்துகிறோம். நாம் உதட்டைக் குவித்து 'ஊ' என்று தொடங்கி 'ஆ' என்று திறக்கும்போது வாய்க்குள் நடப்பதும் ஏறத்தாழ அதேதான். குதிகால் கீழே இருந்தால் 'ஊ', முன்பாதம் கீழே போனால் 'ஆ', தாண்டினால் 'ஈ'. மெய்யெழுத்து இல்லை; உயிர் மட்டும். தமிழ் படித்தவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க வேண்டாம்.

ஒன்றாகச் சேர்ந்த பெடலில் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அணைந்திருந்தால் வால்யூம், அழுத்தினால் வா-வா. ஒரு சமயத்தில் ஏதாவது ஒன்றுதான். மூச்சு விடலாம், அல்லது பேசலாம். இதன் பொருள் எனக்கு மேடையில்தான் புரிந்தது.

வீட்டில் முதல் விமர்சனம் பாட்டியுடையது. "ஜலதோஷம் பிடிச்சவன் பாடறாப்பல இருக்குடா. மூக்கைச் சிந்திட்டு வாசி." மாஸ்டர்மஷாய் அவ்வளவுகூடச் சொல்லவில்லை. வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு இந்திப் பாட்டை வா வா என்று வாசித்துக்காட்டினேன். டீயைக் குடித்து முடித்தார். மண்குவளையை ஜன்னல் வழியாக எறிந்தார். "வாத்து நன்றாகச் சத்தம் போடுகிறது" என்றார். அடுத்த வாரம் அதைக் கொண்டுவர வேண்டாம் என்பது அதற்குள் அடக்கம்.

பூஜைக்கு எங்கள் பேட்டையில் சப்தமி இரவு கச்சேரி. எனக்கு இரண்டு பாட்டு ஒதுக்கினார்கள். முதல் பாட்டில் வா-வா, கைதட்டல், தலை கனத்துவிட்டது. கடைசி சுரத்தை 'ஊ' என்று மூடி முடித்தேன். அதாவது குதிகால் கீழே. பொத்தானை அணைத்தேன். அந்தப் பெடலில் ஸ்பிரிங் கிடையாது. விட்ட இடத்தில் நிற்கும். வால்யூமுக்கு மாறியவுடன் குதிகால் கீழே என்றால் சத்தம் பூஜ்யம். இரண்டாவது பாட்டை ஆரம்பித்தேன். தபலாக்காரர் தலையாட்டிக்கொண்டு வாசிக்கிறார், நான் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறேன், ஒலிபெருக்கியில் தபலா மட்டும். மேடை இரைச்சலில் எனக்குக் கேட்காமலிருப்பது சகஜம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வரி அப்படியே போயிற்று. முன்வரிசையிலிருந்து ஒரு சிறுவன், "ஊமை கிடார்!" என்று கத்தினான். பதறிப்போய்ப் பாதத்தை அழுத்தினேன். முழு வேகத்தில் ஒரு அலறல். நல்லவேளை, அடுத்த நிமிடமே மின்வெட்டு. அந்த வருடங்களின் கல்கத்தாவில் மின்வெட்டை வாழ்த்தியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவமானத்தில் பெடலை மாஸ்டர்மஷாய் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். "கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பொத்தானைத் தொடாதே" என்று மட்டும் சொன்னார். லட்சுமி பூஜைக்குப் பிறகு ஒரு நாள் வழக்கத்தைவிட அரை மணி முன்னால் போனேன். மாடிப்படியில் கால் வைத்தபோது மேலே கிடார் கேட்டது. அவர் வாசிப்பு எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குரல் தெரியவில்லை. யாரோ பாடுகிறார்கள் என்றே நினைத்தேன். வா வா என்ற குதிப்பு ஒன்றும் இல்லை. நடுவயதுப் பெண் ஒருத்தி, உரக்கப் பாடாமல், வாய்க்குள்ளே முனகுவதைப்போல. பாட்டு நான் நோட்டில் எழுதிவைத்திருந்ததுதான். அந்த நிலா வார்த்தை வந்தது. 'சா' மூக்கில் போய்க் கரைந்தது.

படியிலேயே நின்றுவிட்டேன். முடிந்ததும் உள்ளே போனால், காலடியில் என் பெடல். வா-வா பொத்தான் எரிந்துகொண்டிருக்கிறது. பாதம் அசையவே இல்லை. பாதி வழியில் நிறுத்திவைத்திருந்தார். வால்யூம் கிடைக்காதே, மூச்சுக்கு என்ன செய்தார் என்று பார்த்தேன். வலது கையின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் கம்பியைத் தட்ட, சுண்டுவிரல் கிடாரின் சொந்த வால்யூம் குமிழைச் சுற்றிப் பிடித்து, ஒவ்வொரு தட்டுக்கும் மூடித் திறந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் காலை எடுத்துக்கொண்டார், திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடித்த பையனைப்போல. பிறகு, "இங்கே உட்கார்" என்று என் பாதத்தைப் பிடித்துப் பலகைமேல் வைத்தார். குதிகாலிலிருந்து இரண்டு விரற்கடை இறக்கினார். "இங்கே. இதுதான் சந்திரபிந்து. இதற்கு மேலே போனால் வாத்து." குரு சிஷ்யன் காலைத் தொடுவது அங்கே நடக்கிற காரியம் இல்லை. எனக்கு உடம்பு கூசியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

பாட்டியிடம் போய், "நீ சொன்ன ஜலதோஷம்தான் அவருக்கு வேண்டியது" என்றேன். "பின்னே? நான் சும்மாவா சொன்னேன்" என்றாள்.

பல வருடம் கழித்துத்தான் பழைய கதைகள் எனக்குத் தெரிந்தன. வா-வா பெடல் 1966-இல் கலிபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் கம்பெனியில் பிராட் பிளங்கெட் என்ற பொறியாளர் கையில் உருவானபோது, அந்த மின்சுற்றைப் போட்டுப் பார்த்த கூடே ஒரு ஆர்கன் வால்யூம் பெடல்தான். மூச்சின் கூட்டுக்குள்தான் வாய் பிறந்திருக்கிறது. அதற்கும் முன்னால், 1950களில் ஃபெண்டரும் டிஆர்மண்டும் ஸ்டீல் கிடார்க்காரர்களுக்கென்றே ஒரு பெடல் விற்றார்கள்: மேலும் கீழும் மிதித்தால் வால்யூம், பாதத்தை இடம் வலமாகத் திருப்பினால் குரலின் கனம் மாறும். வா-வா அளவுக்குக் கூர்மை இல்லை. ஆனாலும் ஒரே கணுக்காலில் இரண்டும், ஒரே நேரத்தில். என்னைக் கேட்டால், பின்னால் வந்த பொத்தான் பெடல்களைவிட அதுதான் புத்திசாலித்தனம். ஸ்டீல் கிடாரைப் பேசவைக்கும் ஆசை ஆட்களை எங்கெல்லாமோ கொண்டுபோயிருக்கிறது. ஆல்வினோ ரே மனைவியை மேடைக்குப் பின்னால் தொண்டையில் கருவி மாட்டி நிறுத்தி, அவர் வாயசைப்பில் கிடாரைப் பேசவிட்டார். நாஷ்வில்லில் பீட் டிரேக் 1964-இல் கிடார்ச் சத்தத்தைக் குழாய் வழியாகத் தன் வாய்க்குள்ளேயே விட்டுக்கொண்டு உதட்டை அசைத்தார். எங்கள் காளிகாட் குமாஸ்தாவுக்கு இவர்களில் யாரையும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு எழுத்து.

எனக்கு மாற்றல் வந்து சென்னைக்கு வந்துவிட்டேன். பெடலை அவரிடமே விட்டேன். வேண்டாம் என்று மூன்று முறை சொன்னார், நான்காம் முறை சொல்லவில்லை. அவர் போன செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. பிறகொரு முறை அலுவல் விஷயமாகக் கல்கத்தா போனபோது லேக் மார்க்கெட் சந்தில் நடந்து பார்த்தேன். ஜன்னல்கள் எல்லாவற்றிலும் ஏர்கண்டிஷனர், எல்லாம் அடைத்திருந்தன. மார்க்கெட் கட்டடமே மாறிவிட்டது. வாழை இலை மட்டும் இன்னும் தெருவோரத்தில் தமிழில் கிடைத்தது.

தங்கை பேரன் கிடார் வாசிக்கிறான், நின்றுகொண்டு. அவனிடம் ஒரு டிஜிட்டல் பெடல் இருக்கிறது. ஒரே பலகையில் வால்யூம், வா-வா, இன்னும் இருபது சங்கதி, எதை வேண்டுமானாலும் எதோடும் சேர்க்கலாம். போன மாதம் பார்க்க வந்தபோது அதைக் கொண்டுவந்தான். இரண்டையும் ஒன்றாகப் போடச் சொன்னேன். போட்டான். "பாதியில நிறுத்திட்டு வாசிடா" என்றேன். "அப்படி நிறுத்தினா எபெக்டே தெரியாதே தாத்தா" என்றான். அவன் சொன்னது சரிதான், தெரியாது.

இன்று பிசியோதெரபிப் பெண் கோணமானியை வைத்து அளந்தாள். நோட்டில் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்து, "அங்கிள், நீங்க தையல் மிஷின் ஓட்டுவீங்களா?" என்றாள். வலது கணுக்கால் இயல்புக்கும் கொஞ்சம் அதிகமாகவே மடங்குகிறதாம். இடது காலுக்குத் தினம் அறுபது தடவை எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.